பழைய சிலிண்டர், புதிய தோட்டா

லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவனிடம் ஊரே எதையாவது கொண்டுவரும். தேய்ந்த மோட்டார் ஷாஃப்ட், கிரைண்டர் புஷ், கழன்றுபோன கீல், கோயில் மணியின் நாக்குகூட வந்திருக்கிறது. பெரும்பாலும் இல்லையென்று சொல்லாமல் செய்து கொடுத்திருக்கிறேன். ஹப்சிகுடாவில் குடியிருந்த காலத்தில் வந்த ஒரு வேலையை மட்டும் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பழைய ரிவால்வர் ஒன்றின் தோட்டா அறைகளைப் பெரிதாக்கி, அதைவிட வலுவான தோட்டா போடும்படி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது அந்த வேலை.

ஹப்சிகுடாவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செகந்திராபாத்திலிருந்து உப்பல் போகிற சாலையில், தார்நாகாவுக்கு அடுத்த பகுதி அது. தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், உயிரணு ஆய்வு மையம், ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் எல்லாம் அந்தச் சாலையை ஒட்டியே இருப்பதால் தெருவுக்குத் தெரு விஞ்ஞானிகள் குடியிருப்பார்கள். சற்றுத் தள்ளி நாச்சாரம் தொழிற்பேட்டை. எங்களைப் போன்ற டூல்ரூம் ஆட்கள் அங்கே வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து தூங்குவோம். 2017 நவம்பரில் ஓட ஆரம்பித்த மெட்ரோ ரயில் இப்போது அந்தச் சாலையின் தலைக்கு மேலே போகிறது. நான் சொல்வது அதற்கு வெகுகாலம் முந்தைய கதை.

அந்தப் பெரியவர் எங்கள் தெருக் கோடியில் இருந்தார். செகந்திராபாத் கன்டோன்மென்ட் தமிழர். மதராஸ் பட்டாளங்களோடு பிழைப்புக்காக வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களில் ஒன்று. அவருடைய தமிழில் உருதும் தெலுங்கும் தாராளமாகக் கலந்திருக்கும். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் ஒரு ரிவால்வர் இருந்தது. முறையான லைசென்ஸ் இருந்தது. தோட்டாதான் இல்லை.

அது .320 போர் (துப்பாக்கியின் துளை அளவைப் போர் என்பார்கள்). பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் பரவலாகப் புழங்கிய சின்னத் தோட்டா; நம் நாட்டில் கடைகளில் எப்போதோ நின்றுபோனது. அரசுத் தளவாட ஆலைகள் பொதுமக்களின் கைத்துப்பாக்கிக்கென்று செய்யும் தோட்டா .32 லாங். பெயரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெரியவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. வாங்கிப் போட்டுப் பார்த்தால் உள்ளே இறங்கவில்லை. தோட்டா கொஞ்சம் தடிமன், நீளமும் அதிகம்.

"தம்பி, சில தவுதான் வித்தியாசம். நாச்சாரத்துல ஒருத்தன் ஒரு மணி நேரத்துல ரீமர் ஓட்டிக் கொடுத்துர்றேன்னு சொல்றான். எனக்கு அவன் கை மேல நம்பிக்கை இல்ல. நீங்க செஞ்சா நல்லாருக்கும்" என்றார்.

ரீமர் என்பது துளையைச் சீவி அகலமாக்கும் கருவி. தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பட்டறைக்காரனுக்கு அது அன்றாடக் கணக்கு. கை மேல் நம்பிக்கை வைத்து ஒருவர் கேட்கும்போது மனசு இளகத்தான் செய்யும். முதலில் பார்க்கிறேன் என்று அவர் வீட்டுக்கே போனேன்.

சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டு ஒன்றை விரித்து அதன் மேல் வைத்தார். ஆறு அறைகளும் காலி என்று முதலில் அவர் திருப்பிக் காட்டினார். பிறகு நானும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. புல்டாக் என்று அந்நாளில் பெயர் பெற்ற குட்டையான குழல். மேல்பூச்சு போய் இரும்பு பழுப்பேறியிருந்தது. செய்த கம்பெனியின் பெயர் எங்கேயும் இல்லை. பர்மிங்ஹாமின் சிறு பட்டறைகளில் செய்து யார் யாரோ விற்ற சரக்கில் இது சகஜம். ஆனால் பெயர் இல்லாவிட்டாலும் முத்திரை இருக்கும். எங்கள் தொழிலில் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸைக் கண்ணில் வைத்து, தோட்டா அறைகள் உள்ள சிலிண்டரை மெல்லச் சுற்றினேன். ஒவ்வொரு அறைக்கும் மேலே, தேய்ந்த நிலையில், குறுக்காக வைத்த இரண்டு செங்கோல். மேலே ஒரு கிரீடம். கோணங்களில் சின்ன எழுத்துகள்.

பர்மிங்ஹாமில் 1813இல் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை போடும் நிலையம் ஒன்று சட்டப்படி அமைந்தது. அங்கே ஒவ்வொரு குழலையும் ஒவ்வொரு அறையையும் வழக்கத்தைவிடக் கூடுதலான மருந்து வைத்து வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை. குறுக்குச் செங்கோல் முத்திரை 1904 வரை இருந்தது. அந்த வருஷம் முத்திரைகள் மாறின. புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தவற்றுக்குத் தனி அடையாளம் வந்தது. பெரியவரின் சிலிண்டரில் அந்தப் புதிய அடையாளம் எங்கு தேடியும் இல்லை. ஆக, அந்த இரும்பு 1904க்கு முந்தையது. அதைச் சோதித்தது கரிமருந்துக்காக.

எனக்கு அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது. காரணம் என் படிப்பு மட்டுமல்ல. நான் வளர்ந்தது நீலகிரியில், அருவங்காட்டில். அப்பா கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். 1903இல் ஆரம்பித்த ஆலை அது. மலை ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தீப்பெட்டி உள்ளே போகக் கூடாது என்ற விதியை அவர் வீட்டிலும் கடைப்பிடித்தார். அவர் சட்டைப் பையில் நான் தீப்பெட்டியைப் பார்த்ததே இல்லை. மருந்தைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். பேசினால் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "கரிமருந்துக்குச் செஞ்ச பாத்திரத்துல கார்டைட்ட வைக்காதே."

கரிமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் புகையாகவும் கரியாகவும் போய்விடும். உந்தித் தள்ளும் வாயு மீதிதான். 1884இல் பிரெஞ்சுக்காரர் பால் வியெய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். 1889இல் இங்கிலாந்தில் ஏபெலும் டீவாரும் கார்டைட் செய்தார்கள்: நைட்ரோகிளிசரின் நூற்றுக்கு 58 பங்கு, வெடிபஞ்சு 37, வாசலின் 5. ஏறக்குறைய முழுக்கவே வாயுவாகும் மருந்து. அதே அளவு தோட்டாவுக்குள் பல மடங்கு பலம். துப்பாக்கி உலகம் முழுதும் அதன்பின் ஒரு பெரிய மாற்றத்துக்கு உள்ளானது. தோட்டா வலுவடைந்ததால் இரும்பு மாற வேண்டியிருந்தது. நல்ல எஃகும் நல்ல வெப்பப் பதமும் வந்ததால் தோட்டாவை இன்னும் வலுவாக்க முடிந்தது. இரண்டும் கைகோத்து ஏறிய படிகள் அவை. பழைய ரிவால்வரில் புதுத் தோட்டா போடுகிறவர் ஒரு படியை மட்டும் தனியாக ஏறப் பார்க்கிறார்.

காலிப்பரை வைத்து அளந்தேன். சிலிண்டர் சுற்றி வந்து சரியான இடத்தில் நிற்பதற்கு வெளிப்பக்கத்தில் சின்ன வெட்டுகள் இருக்கும். அந்த ரிவால்வரில் வெட்டுகள் ஒவ்வொரு அறைக்கும் நேர் மேலே இருந்தன. அந்த இடத்தில் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. பக்கத்து அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்பும் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. ரீமர் ஓட்டினால் அந்தச் சுவரிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பேப்பரை எடுத்து அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். உருளைக்குள் அழுத்தம் ஏறும்போது சுவர் இழுபடும் விசை மூன்றைப் பொறுத்தது: அழுத்தம் எவ்வளவு, துளை எவ்வளவு அகலம், சுவர் எவ்வளவு தடிமன். வலுவான தோட்டாவால் அழுத்தம் கூடுகிறது. ரீமரால் துளை அகலமாகிறது. அதே ரீமரால் சுவர் மெலிகிறது. மூன்றும் ஒரே திசையில், கெட்ட திசையில் போகின்றன. இதற்கு மேல் அந்த இரும்பு என்ன ரகம் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்து மலிவு உருப்படிகளில் கசடு கலந்த இரும்பும் இருக்கும். நூறு வருஷத்துத் துருவின் அடியில் முடியளவு விரிசலும் இருக்கலாம். நாச்சாரத்தில் விரிசல் பார்க்கும் கருவி உண்டு. விரிசல் இல்லை என்று அது சொன்னாலும் இரும்பின் பதத்தை அது மாற்றாது.

"அவன் ரெண்டு ரவுண்டு சுட்டுக் காட்டுறேன்னு சொன்னான். தாங்கினா சரிதானே?" என்று கேட்டார்.

பலரும் இதையே கேட்பார்கள் என்பதால் இதற்கு விவரமாகப் பதில் சொன்னேன். ஒருமுறை தாங்கியது என்பதற்கு, அந்த முறை உடையவில்லை என்பது மட்டும்தான் அர்த்தம். ஒவ்வொரு வெடிக்கும் சுவர் கண்ணுக்குத் தெரியாத அளவு விரிகிறது. முழுக்கப் பழைய அளவுக்குத் திரும்பாத ஒரு கட்டம் வருகிறது. விரிசல் வளர்கிறது. பத்தாவது வெடியிலோ நாற்பதாவது வெடியிலோ சிலிண்டரின் மேல்பாதி பிய்த்துக்கொண்டு போகும். அறைகளுக்கு மேலே ஓடும் பட்டையும் சேர்ந்து போகும். சுடுகிறவரின் விரல்கள் அதை ஒட்டியே இருக்கின்றன; கண் ஒரு கை நீட்டும் தூரத்தில். சோதனை நிலையங்கள் கூடுதல் மருந்து வைத்துச் சுடுவதோடு நிற்பதில்லை. சுட்ட பிறகு அளந்து, வீக்கம் இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முத்திரை போட்ட பிறகு யாராவது துளையைப் பெரிதாக்கினால் பிரிட்டிஷ் சட்டப்படி அந்த முத்திரை செல்லாது. மறுபடி சோதிக்க வேண்டும். பெரியவரின் சிலிண்டரில் ரீமர் இறங்கிய நொடியில் அந்தச் செங்கோல்கள் வெறும் கீறல்கள்.

கிடைக்கிற தோட்டாவுக்கு ஏற்பப் பழைய துப்பாக்கியை மாற்றும் ஆசை பெரியவருக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் பட்டாளத்தின் வெப்லி .455 ரிவால்வர்கள் அமெரிக்காவில் மலிவாகக் குவிந்தன. அங்கே .455 தோட்டா கிடைப்பது கஷ்டம்; .45 பிஸ்டல் தோட்டா மூலைக்கு மூலை கிடைக்கும். வியாபாரிகள் ஆயிரக்கணக்கில் சிலிண்டரின் பின்பக்கத்தை இழைத்து .45 போடும்படி மாற்றி விற்றார்கள். வெப்லி வடிவமைத்த தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 13,000 பவுண்டு. .45இன் உச்ச வரம்பு 21,000. பட்டாளத்துக்காக நல்ல இரும்பில் செய்த வெப்லிக்கே அது வரம்பு மீறிய சுமை. அப்படி மாற்றியவற்றில் முழு பலத் தோட்டா போடக் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் இன்றைக்கும் எச்சரிக்கிறார்கள்.

தோட்டா செய்கிறவர்களில் பொறுப்புள்ளவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். 1935இல் .357 மேக்னம் வந்தது. அழுத்தம் பழைய .38 ஸ்பெஷலைப் போல் சுமார் இரண்டு மடங்கு. குண்டின் விட்டம் ஒன்றே. அதனால் பித்தளைக் கூட்டை வேண்டுமென்றே எட்டில் ஒரு அங்குலம் போல நீட்டினார்கள். மருந்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக அல்ல. பழைய ரிவால்வரில் தவறிக்கூட இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. தோட்டா உள்ளே போகாமல் நிற்பது ஒரு குறை என்று நினைக்கிறோம். பல நேரம் அது யாரோ ஒரு எஞ்சினியர் நமக்காகப் போட்டு வைத்த தாழ்ப்பாள். ரீமர் அந்தத் தாழ்ப்பாளை அறுக்கிறது.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு, வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி பழைய .303 லீ என்ஃபீல்ட் வடிவத்தை 7.62 தோட்டாவுக்கு மாற்றியது. புதுத் தோட்டாவின் அழுத்தம் அதிகம். இஷாப்பூர்க்காரர்கள் கிடங்கில் கிடந்த பழைய துப்பாக்கிகளை எடுத்துத் துளை போட்டுத் தள்ளிவிடவில்லை. அதைவிட வலுவான எஃகில் புதிதாகவே செய்தார்கள். சோதனைக்கூடமும் உலோக நிபுணர்களும் கையில் இருந்தும் அவர்கள் அந்த வழியில்தான் போனார்கள். அதே ஆலை காவல்துறைக்காக .303ஐ .410 மஸ்கெட்டாக மாற்றியதும் உண்டு. அது வலுவைக் குறைக்கும் மாற்றம். இறங்குவதற்கு இடம் இருந்தது, இறங்கினார்கள்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். கோபமில்லை, ஏமாற்றம் இருந்தது. தேர்தல் வரும்போதெல்லாம் எல்லா லைசென்ஸ்காரர்களையும் போல அவரும் அதைத் துணியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, பிறகு போய்த் திரும்ப வாங்கி வருவார். தோட்டா இல்லாத துப்பாக்கிக்கு ஏன் இந்த அலைச்சல் என்று வீட்டில் கேட்பார்களாம். "சுடணும்னு ஆசை இல்ல தம்பி. தாத்தா சாமான் உயிரோட இருக்கணும்னு ஆசை" என்றார். அந்த ஆசை எனக்குப் புரிந்தது. அப்பாவின் பழைய மைக்ரோமீட்டரை நான் இன்னும் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றியும் அன்று பேசினோம். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, மாற்றுவதற்கு, பழுது பார்ப்பதற்கு, சோதித்துப் பார்ப்பதற்குக்கூட லைசென்ஸ் வேண்டும் என்கிறது. எங்கள் பட்டறைக்கு அது கிடையாது. நாச்சாரத்து ஆளுக்கும் கிடையாது. பெரியவரிடம் இருந்தது வைத்துக்கொள்வதற்கான லைசென்ஸ். அதில் போர் .320 என்று எழுதியிருக்கிறது. அறையைப் பெரிதாக்கினால் கையில் இருப்பது லைசென்ஸில் எழுதியிருக்கும் ஆயுதமே அல்ல.

போரின் அளவு மேல் அரசாங்கம் கண் வைப்பது நம் நாட்டில் நூறு வருஷத்துக்கு மேலான வழக்கம். 1907இல் ஆங்கிலேய அரசு .450 போர் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்தது. பட்டாளத் துப்பாக்கிகளுக்கான குண்டு கிளர்ச்சிக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயம். லண்டன் கம்பெனிகள் வேட்டைக்காரர்களுக்காக .465, .470 என்று புதிய அளவுகளைச் செய்தன. சுதந்திரத்துக்குப் பிறகும் அதே நோக்கம் தொடர்ந்தது. 1962ஆம் வருஷத்து ஆயுத விதிகள் .380, .455 தோட்டா போடக்கூடிய எந்த ரிவால்வரையும் கட்டுப்பாடு மிகுந்த வகையில் வைத்தன. ஆயுதச் சட்டத்துக்கு 2019இல் வந்த திருத்தம் இன்னும் தெளிவு: ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும் என்று 6ஆம் பிரிவில் சேர்த்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

நாச்சாரத்து ஆளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் அல்ல. கைவேலையில் கெட்டிக்காரன். அளவு சரியாக வந்துவிட்டால் வேலை சரி என்று நம்புகிறவன். லேத்தில் வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் அந்த நம்பிக்கை உண்டு. தவு கணக்கில் பிசகில்லாமல், கண்ணாடி போலப் பளபளக்க ஓர் அறையை அவன் செய்து கொடுத்திருப்பான். தோட்டா வழுக்கிக்கொண்டு இறங்கியிருக்கும். பார்க்கிறவர் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. என் பயமும் அதுதான். மோசமான வேலையைப் பார்த்ததும் ஒதுக்கிவிடலாம். அழகான வேலை ஆளை நம்பவைத்து விடும். அடுத்த வாரம் நானே அவனைப் போய்ப் பார்த்து, பெரியவருக்குக் காட்டிய அதே கணக்கைக் காட்டினேன். பேப்பரை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அந்த வேலையை எடுக்கவில்லை.

பெரியவர் ரிவால்வரை மாற்றவில்லை. அறைகளில் ஒரு பூச்சு எண்ணெய், மேலே மெழுகு, ஈரம் பிடிக்காத பெட்டி என்று நான் சொன்ன அளவில் பராமரித்தார். தோலுறை ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அதைத் தனியே எடுத்து வைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு அவர் மகள் அதை வைத்துக்கொள்ள விரும்பவில்லை. லைசென்ஸ் பெற்ற டீலரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார்கள்.

இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது தாத்தா காலத்துக் கைத்துப்பாக்கி இருந்தால், முதலில் லைசென்ஸைத் தேடி எடுங்கள். அதில் எழுதியிருக்கும் போரையும் எண்ணையும் துப்பாக்கியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லைசென்ஸ்காரர் இறந்திருந்தால் காலம் கடத்தாமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வாரிசாக வைத்துக்கொள்ள விரும்பினால் 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளில் அதற்கும் இடம் உண்டு. தோட்டா கிடைக்கவில்லை என்றால் அந்தத் துப்பாக்கியின் சுடும் காலம் முடிந்தது என்று ஏற்றுக்கொள்ளுங்கள். லேத் வைத்திருக்கும் தம்பிகளுக்கும் இதையே சொல்கிறேன்: யாராவது ஒரு சிலிண்டரைக் கொண்டுவந்து கொஞ்சம் பெரிதாக்கிக் கொடு என்றால், எவ்வளவு கூலி சொன்னாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், அதை சக்கில் மாட்டாதீர்கள்.